ஸ்பினோசாவின் உள்பொருள்: நாத்திகமா?

ஐரோப்பிய மெய்யியல் வரலாற்றிலே ஒரு சாராரால் கொடிய நாத்திகரெனத் தூற்றப்பட்டும், மற்றொரு சாராரால் கடவுளன்பிலே தோய்ந்தவரெனப் போற்றப்பட்டும் வந்த அறிஞர் ஒருவர் உளர். அவரே ஸ்பினோசா. ஒரே கொள்கையைக் குறித்து முற்றும் மாறான இரு தீர்ப்புகள் எழுந்தமை எவ்வாறு? அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

போர்த்துக்கல்லிலே நிகழ்ந்த சமயக் கொடுமைகளினின்றும் தப்பி, ஒல்லாந்து தேசத்திலே புகலடைந்த யூதக் குடும்பமொன்றில், 1632ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரிலே அவர் பிறந்தார். 1656ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி, இருபத்துமூன்று வயதினராகிய அவரை அந்நகரத்து யூத சமுதாயம் விலக்கி வைத்தது. அவரோடு எவரும் பேசலாகாது. அவர் எழுதியதை வாசித்தலும் ஆகாது என்பது கட்டளை. அவர் கொண்ட தவறான கொள்கைதான் யாது என்பதை அக்கட்டளை விளக்கவில்லை. அதன்பின் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடும் தொழிலிலும் மெய்யியல் ஆராய்ச்சியிலும் அவர் எளிய வாழ்க்கை நடத்தினார்.

அவருடைய கொள்கையின் அடிப்படை 'உள்பொருள்' என்னும் கருத்தாகும். பிறிதொன்றின் துணையின்றித் தானே நிலைபெறுவதும், பிறிதொன்றைக் கொண்டன்றித் தன்னாலேயே அறியப்படுவதும் எதுவோ அதுவே உள்பொருள். அத்தகைய பொருள் ஒன்றே இருத்தல் கூடும், அதுவே கடவுள். மலையும் மரமும், நீரும் நானும் அதன் பல்வேறு நிலைகளேயன்றி, அதற்குப் புறம்பான தனிப்பொருள்கள் அல்ல. அலை கடலையின்றி இராதவாறு போல, எப்பொருளும் கடவுளையின்றி இராது. இக்கருத்துப் பற்றியே 'கடவுள், அதாவது இயற்கை' என்று அவர் எழுதினார்.

இதனைக் கேட்டோர் திடுக்கிட்டனர். 1670ஆம் ஆண்டு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அவருடைய சமய அரசியல் ஆய்வு நூலை வாசித்த வெல்தைசன் என்னும் மருத்துவர், இந்நூல் மறைமுகமாக நாத்திகத்தையே போதிக்கின்றது என்று எழுதினார். அதற்கு ஸ்பினோசா, நாத்திகர் பெரும்பாலும் பதவியையும் செல்வத்தையும் அளவிறந்து நாடுபவராவர்; தாமோ அவற்றை என்றும் பொருட்படுத்தாதவர் என்று விடையிறுத்தார். 1673இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி அவரைத் தேடிவந்தபோது அதனையும் ஏற்க மறுத்தார். 1675இல் தமது தலையாய நூலாகிய 'ஒழுக்கவியலை' அச்சிட முயன்றார். கடவுள் இல்லையென்று நிறுவும் நூலொன்று அச்சில் உள்ளதென்ற வதந்தி பரவவே, அம்முயற்சியைக் கைவிட்டார். 1677ஆம் ஆண்டு அவர் இறந்த பின்னரே நண்பர்கள் அதனை வெளியிட்டனர்.

எனினும், நல்லொழுக்கம் ஒன்றே கொள்கையின் மெய்ம்மையை நிறுவிவிடாது. எதிர்ப்பாளர் கூற்றிலும் உண்மை உண்டு. ஸ்பினோசாவின் கடவுள் ஒரு நோக்கங் கருதி உலகைப் படைப்பவர் அல்லர். சினந்து தண்டிப்பவரும் அல்லர். வேண்டுதலுக்கு இரங்கி இயற்கையின் ஒழுங்கை மாற்றுபவரும் அல்லர். கடவுளை நேசிப்பவன், கடவுள் தன்னைத் திரும்ப நேசிக்கவேண்டுமென்று முயலான் என்பது அவர் துணிபு. நோயுற்ற குழந்தையின் அருகிருந்து இரவெல்லாம் மன்றாடும் தாய்க்கு இக்கொள்கை என்ன ஆறுதல் அளிக்கும்? அவரைப் பழித்தோரின் அச்சத்திற்கு இவ்விடமே வேராகும். அதனை அறியாமை என்று எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது.

பிற்காலத்தார் அவரை வேறு கண்கொண்டு நோக்கினர். 1785இல், எழுத்தாளர் லெசிங் ஸ்பினோசாவின் கொள்கையினர் என்று யாக்கோபி என்பார் வெளிப்படுத்தியதும், ஜேர்மனியிலே பெருஞ்சர்ச்சை மூண்டது. ஹேகல் என்னும் பேரறிஞரோ, ஸ்பினோசா மறுத்தது கடவுளையன்று, தனித்து நிற்கும் உலகையே என்றார். 1929இல், கடவுளை நம்புகிறீரா என வினவப்பட்ட ஐன்ஸ்டைன், பொருள்களின் ஒழுங்கமைதியிலே வெளிப்படும் ஸ்பினோசாவின் கடவுளைத் தாம் நம்புவதாக விடை பகர்ந்தார்.

ஆயின் முடிபு யாது? 'நாஸ்தி' என்பதற்கு 'இல்லை' என்பது பொருள். அதினின்றும் பிறந்ததே நாத்திகம் என்னும் சொல். ஸ்பினோசாவோ 'உண்டு' என்றே கூறினார். மெய்யாக உள்ளது அஃதொன்றே என்றும் கூறினார். அரசன்போல் அமர்ந்து ஆணையிடும் கடவுளையே அவர் மறுத்தார். அத்தகைய கடவுளே கடவுள் எனக் கொள்வோர்க்கு அவர் நாத்திகராகவே தோன்றுவார். ஆகவே, ஒருவரை நாத்திகர் என்று அழைக்குமுன், அவர் மறுப்பது கடவுளையோ, கடவுளைப்பற்றி நாம் வரைந்து வைத்த உருவத்தையோ என்று வினவுதல் நம் கடன். அம்மூதூரார் அவ்வினாவை எழுப்பாது, இளைஞரொருவரைத் தம் வாயிலுக்கு அப்பால் நிறுத்தினர்.