பிரிவுக்குப் பின் செக் – ஸ்லோவாக் உறவுகள்

1992 டிசம்பர் 31 நள்ளிரவோடு செக்கோஸ்லோவாக்கியா என்ற கூட்டாட்சி நாடு முடிவுக்கு வந்தது. மறுநாள் முதல் செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் தனித்தனி நாடுகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே காலத்தில் யூகோஸ்லாவியா போரில் சிதைந்துகொண்டிருந்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஆனால் அமைதியாக நடந்ததாலேயே அது மக்கள் விரும்பி நடந்தது என்று கொண்டுவிடக் கூடாது.

இரு இனத்தவரும் 1918 அக்டோபர் 28-இல் உருவான குடியரசில் ஒன்றுசேர்ந்தவர்கள். செக் பகுதிகள் வியன்னாவின் ஆளுகையில் தொழில் வளம் கண்டவை. ஸ்லோவாக் பகுதியோ பல நூற்றாண்டுகள் ஹங்கேரிய ஆட்சியில் பெரும்பாலும் வேளாண் நிலமாகவே இருந்தது. பிராகாவிலிருந்து தங்களை ஆளுகிறார்கள் என்ற குறை ஸ்லோவாக்குகளிடம் தொடக்கம் முதலே உண்டு. 1939-இல் நாஜி ஜெர்மனியின் தயவில் டிசோ தலைமையில் தனி ஸ்லோவாக் அரசு எழுந்து, போரோடு மறைந்தது. 1969-இல் கூட்டாட்சி வந்தபோதும் அதிகாரம் கம்யூனிஸ்ட் கட்சியின் மையத்திலேயே தங்கியது.

1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு விரைவான சந்தைச் சீர்திருத்தம் ஸ்லோவாக்கியாவைக் கடுமையாகத் தாக்கியது. ஆயுதத் தொழிற்சாலைகளை நம்பியிருந்த ஊர்களில் வேலையின்மை பெருகியது. 1992 ஜூன் தேர்தலில் செக் பகுதியில் வாட்ஸ்லாவ் கிளவுஸும் ஸ்லோவாக்கியாவில் விளாதிமிர் மேச்சியாரும் வென்றனர். சீர்திருத்தத்தை இழுத்தடிக்கும் தளர்ந்த கூட்டமைப்பை கிளவுஸ் ஏற்கவில்லை; பிராகாவின் பிடி இறுகிய கூட்டாட்சியை மேச்சியார் ஏற்கவில்லை. ஜூலையில் குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் ஹாவெல் பதவி விலகினார். ஆகஸ்ட் 26-இல் புர்னோ நகரின் டூகென்ட்ஹாட் மாளிகையில் இரு தலைவர்களும் பிரிவுக்கு நாள் குறித்தனர். பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தனர். கருத்துக் கணிப்புகளில் இரு பக்கமும் பெரும்பான்மையினர் பிரிவை விரும்பவில்லை. வாக்கெடுப்பு நடத்தப்படவே இல்லை; நவம்பர் 25-இல் கூட்டாட்சி நாடாளுமன்றமே கூட்டாட்சியைக் கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

சொத்துப் பிரிவினை பெரும்பாலும் நேர்த்தியாக நடந்தது. அசையாச் சொத்து இருக்கும் இடத்துக்கே சொந்தம். மற்றவை மக்கள்தொகையை ஒட்டி இரண்டுக்கு ஒன்று. ஆனாலும் சில முடிச்சுகள் விழுந்தன. பொது நாணயம் குறைந்தது ஆறு மாதமாவது நீடிக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஸ்லோவாக் கொருனா மதிப்பிழக்கும் என்ற அச்சத்தில் பணம் செக் வங்கிகளுக்கு ஓட, 1993 பிப்ரவரி 8-லேயே நாணயம் பிரிந்தது. புதிய தாள்கள் வரும்வரை பழைய நோட்டுகளிலேயே வில்லைகளை ஒட்டிப் புழங்கினார்கள். கூட்டாட்சிச் சின்னங்களை எவரும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இருந்தும், பழைய கொடியையே செக் குடியரசு தன் கொடியாக வைத்துக்கொண்டது. நடுவண் வங்கிகளின் கணக்குத் தகராறில் ஸ்லோவாக்கியாவுக்குரிய 4 டன்னுக்கும் சற்றுக் கூடுதலான தங்கம் பிராகாவில் தேங்கி, 2000-இல்தான் வீடு சேர்ந்தது. எல்லை ஒப்பந்தத்தின்படி 1997-இல் சிதோனியே என்ற சிற்றூர் செக் பக்கமும் உ சபோடு என்ற குடியிருப்பு ஸ்லோவாக் பக்கமும் கைமாறின.

இந்தப் பிரிவினையின் உண்மையான களங்கம் தங்கத்திலோ கொடியிலோ இல்லை, குடியுரிமையில் இருந்தது. 1993 செக் சட்டம், பழைய கூட்டாட்சியின் ஏடுகளில் ஸ்லோவாக் எனப் பதிவாகியிருந்தவர்களை, செக் மண்ணிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. முந்தைய ஐந்தாண்டுகளில் குற்றப் பதிவு இருக்கக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்லோவாக்கியாவிலிருந்து குடிபெயர்ந்த ரோமா மக்கள் இதனால் ஆயிரக்கணக்கில் பாதிக்கப்பட்டனர். சிலர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாது போனார்கள். பன்னாட்டுக் கண்டனங்களுக்குப் பிறகு 1996-இலும் 1999-இலும் சட்டம் திருத்தப்பட்டது. நட்பார்ந்த பிரிவு என்ற புகழுரையில் இம்மக்களின் துயரம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

விளையாட்டில் மட்டும் பழைய நாடு சற்றுக் காலம் உயிரோடிருந்தது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றைச் செக்குகளும் ஸ்லோவாக்குகளும் ஒரே அணியாகவே ஆடி முடித்தனர். 1993 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தோடு கோலின்றிச் சமனான ஆட்டமே அந்த அணியின் கடைசி ஆட்டம்.

மேச்சியார் ஆண்ட ஆண்டுகளில் உறவு குளிர்ந்தது. அவருடைய எதேச்சாதிகாரப் போக்கால் ஸ்லோவாக்கியா மேற்கின் வாசலில் தடுக்கப்பட்டது. 1999-இல் செக் குடியரசு நேட்டோவில் சேர்ந்தபோது அது வெளியே நின்றது. 1998-இல் மிகுலாஷ் ட்சூரிந்தா பிரதமரான பிறகு நிலை மாறியது. அண்டை நாடு பின்தங்கிவிடாமல் சேர்ந்துகொள்ள பிராகா வெளிப்படையாகத் துணைநின்றது. 2004-இல் ஸ்லோவாக்கியா நேட்டோவில் இடம்பெற்றது. அதே ஆண்டு மே 1 அன்று இரண்டும் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007 டிசம்பரில் ஷெங்கன் ஏற்பாட்டின்படி எல்லைச் சோதனை நீங்கியது. பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கோடு அன்றாட வாழ்வில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 2009-இல் ஸ்லோவாக்கியா யூரோவுக்கு மாறியது. செக் குடியரசு கொருனாவை விடவில்லை.

நெருக்கம் இருந்தாலும் அது இரு பக்கமும் ஒரே அளவில் இல்லை. செக் மொழியில் பயில்வோருக்கு அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. இருபதாயிரம் அளவிலான ஸ்லோவாக் மாணவர்கள் பிராகாவிலும் புர்னோவிலும் படிக்கிறார்கள். பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களை உருவாக்கிய சிறிய நாட்டுக்கு இது கனத்த இழப்பு. செக் அலுவலகங்களில் ஸ்லோவாக் மொழியில் மனு கொடுக்கலாம். பிராட்டிஸ்லாவாவில் பிறந்த அந்திரேய் பபிஷ் 2017-இல் செக் பிரதமரானார். ஸ்லோவாக் குழந்தைகள் செக் படங்களையும் நூல்களையும் பார்த்தும் படித்தும் வளர்கிறார்கள். செக் இளைஞர்களுக்கு ஸ்லோவாக் மொழி அந்த அளவு பழக்கமில்லை.

புதிய குடியரசுத் தலைவர் முதல் வெளிநாட்டுப் பயணமாக மற்ற நாட்டுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. பழைய மிக் போர் விமானங்களுக்கு ஸ்லோவாக்கியா ஓய்வு கொடுத்தபோது, 2022 செப்டம்பர் முதல் அதன் வான்வெளியைக் காக்கும் பொறுப்பில் செக் கிரிப்பென் விமானங்கள் பங்கேற்றன. ஆனால் அதே மாதக் கடைசியில், குடியேறிகளைத் தடுக்க என்று சொல்லி, செக் அரசு ஸ்லோவாக் எல்லையில் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது. உக்ரைன் போர் விரிசலை இன்னும் பெரிதாக்கியது. ஸ்லோவாக்கியாவில் ராபர்ட் ஃபிட்சோவின் அரசு கீவுக்கு அரசின் கையிருப்பிலிருந்து ஆயுதம் தருவதை நிறுத்தியது. அதன் வெளியுறவு அமைச்சர் ரஷ்ய அமைச்சர் லாவ்ரோவைச் சந்தித்த பின், 2024 மார்ச்சில் பெத்ர் ஃபியாலாவின் செக் அரசு இரு அமைச்சரவைகளும் கூடிப் பேசும் வழக்கத்தை நிறுத்திவைத்தது. 1993-க்குப் பின் இரு அரசுகளுக்கும் இடையில் விழுந்த ஆழமான விரிசல்களில் இதுவும் ஒன்று. இம்முறை சண்டை சொத்துக்காகவோ பழைய மனக்குறைக்காகவோ அல்ல. மாஸ்கோவை எப்படி எதிர்கொள்வது என்பதற்காக.