கண் எப்போதோ தயார்

செல்போன் வீடியோவின் வரலாற்றைப் பிக்சல் கணக்கில் சொல்வதுதான் வழக்கம். 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் 640க்கு 480, அடுத்த ஆண்டு 720பி, 2011இல் 1080பி, 2015இல் 6எஸ் வழியாக 4கே. ஆறே ஆண்டில் ஒரு ஃபிரேமின் பிக்சல்கள் 27 மடங்காயின. கேமரா அசுர வேகத்தில் வளர்ந்தது என்றுதான் இதைப் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் 2007இல் வந்த முதல் ஐபோனின் கேமராவே 1600க்கு 1200 பிக்சலில் படம் பிடித்தது; 720பி ஃபிரேமுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. அதில் வீடியோ வசதியே கிடையாது. அது வியாபாரத் தந்திரம், அதே ஆண்டில் நோக்கியா என்95 வீடியோ எடுத்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆப்பிளின் தாமதத்தில் தந்திரமும் கலந்திருக்கலாம். ஆனால் என்95ஐயே பாருங்கள். 5 மெகாபிக்சல் கேமராவை வைத்துக்கொண்டு, வீடியோவில் 640க்கு 480ஐத் தாண்டவில்லை. கண் கண்டதில் பதினாறில் ஒரு பங்கு. நொடிக்கு 30 முறை வந்து விழும் படங்களை வாங்கி, சுருக்கி, எழுதி வைக்க அன்றைய சிப்புக்கும் மெமரிக்கும் தெம்பில்லை. வேகத்தைத் தீர்மானித்தவை இவைதான், லென்ஸ் அல்ல.

4கேவுக்குப் பிறகு வளர்ச்சி படுத்துவிட்டது என்பார்கள். 2020இல் சாம்சங் எஸ்20 கொண்டுவந்த 8கேவை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்ற கிண்டலும் உண்டு. பிக்சலை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும். 2017இல் ஹெச்இவிசி சுருக்கமுறை ஐபோனுக்கு வந்ததும், நிமிடத்துக்கு 350 எம்பி பிடித்த 4கே வீடியோ 170 எம்பிக்குள் அடங்கியது. ஒரு பிக்சலும் கூடவில்லை, ஆனால் அதே போனில் இரண்டு மடங்கு நேரம் எடுக்க முடிந்தது. 2021இன் ஐபோன் 13 ப்ரோ இதற்கு இன்னும் நல்ல சாட்சி. அதிகம் சுருக்காத ப்ரோரெஸ் வடிவில் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. அதனால் 256 ஜிபி வாங்கியவருக்கு 4கே. 128 ஜிபி வாங்கியவருக்கு 1080பி மட்டும். இரண்டிலும் ஒரே லென்ஸ், ஒரே சிப். 2023இன் 15 ப்ரோவில் நொடிக்கு 60 ஃபிரேம் ப்ரோரெஸ் 4கே வேண்டுமென்றால், போனின் அடியில் யுஎஸ்பி-சி கேபிள் செருகி வெளியே ஒரு எஸ்எஸ்டியைத் தொங்கவிட வேண்டியிருந்தது.