சுரங்கத்தில் பெண் இறங்க முடியுமா? – ஒரு தம்பியின் கேள்வியும் ஜாரியாவின் வரலாறும்

போன மாதம் எங்கள் மாலைப் படிப்பு வட்டத்தில் ஒரு விவாதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இயற்கையிலேயே வேறுபாடு இருக்கிறதா என்பது தலைப்பு. கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் ஒரு தம்பி எழுந்தார். "என்னதான் சமம்னு பேசினாலும், கஷ்டமான வேலைன்னு வந்தா ஆம்பளைதாண்ணா செய்யணும். சுரங்கத்துக்குள்ள பொம்பளை இறங்க முடியுமா?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். பெண் பிள்ளைகளும்தான்.

"உங்க அம்மா என்ன வேலைக்குப் போறாங்க தம்பி?"

"கட்டட வேலைக்குண்ணா. சித்தாளு."

"செங்கல்லையும் கலவையையும் தலையில சுமந்து மாடிக்கு ஏத்துறது யாரு?"

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

சித்தாள் என்றால் சிறிய ஆள். அதே கட்டடத்தில் கூட நிற்கும் ஆண் பெரியாள். நாள் முழுக்கச் சுமை தூக்குகிறவளுக்குச் 'சிறிய' என்று பெயர் வைத்து, அந்தப் பெயருக்கேற்ற கூலியையும் கொடுக்கிறோம். தினமும் வாயில் புழங்கும் சொல் என்பதால் அதில் இருக்கும் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை.

தம்பியின் சுரங்கக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதற்கு வரலாற்றில் நேரான பதில் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாத வரலாறு, அதுவும் அண்ணல் அம்பேத்கர் நேரடியாகத் தொடர்புடைய வரலாறு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கூடை சுமந்தவர்கள்

சுரங்கத்தில் பெண்கள் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள்.

இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜாரியாவும் மேற்கு வங்கத்தில் உள்ள ராணிகஞ்சும் பிரிட்டிஷ் இந்தியாவின் பெரிய நிலக்கரி வயல்கள். ரயில் பாதைகளும் ஆலைகளும் பெருகப் பெருக, சுரங்கங்களும் அங்கே பெருகின. அவற்றுக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் சந்தால் போன்ற ஆதிவாசிகள். பௌரி, புயியா போன்ற தீண்டப்படாத சாதி மக்கள்.

குடும்பமாகவே வேலை நடந்தது. ஆண் கரியை வெட்டுவார். மனைவியோ தங்கையோ மகளோ அதைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, தண்டவாளத்தில் நிற்கும் தொட்டி வண்டியில் கொட்டுவார். எத்தனை தொட்டி நிரம்பியதோ அதற்குத்தான் கூலி. அவள் சுமக்காவிட்டால் அவன் வெட்டியதற்கு மதிப்பில்லை. சில சுரங்கங்களில் சரிவான பாதை வழியாகத் தலைச்சுமையோடு மேலே ஏறி வர வேண்டியிருந்தது.

பிரிட்டன் தன் நாட்டில் 1842ஆம் ஆண்டிலேயே பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதற்கு முன்பு நடந்த விசாரணையில் மக்களை அதிகம் கொதிக்க வைத்தது விபத்துகள் மட்டுமல்ல. இருட்டுக்குள் ஆண்களோடு அரைகுறை உடையில் பெண்கள் வேலை செய்தார்கள் என்ற செய்தியே பெரிய அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. குடும்பப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற கருத்தும் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது.

அதே பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் அந்தத் தடையைக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. பெண்களை நிறுத்தினால் ஆண்களும் வரமாட்டார்கள், கரி வெளியே வராது என்று முதலாளிகள் எதிர்த்தார்கள். ஆக, பெண்ணின் உடல் மென்மையானது என்ற பேச்சு லண்டனில் செல்லுபடியானது, ஜாரியாவில் ஆகவில்லை. சந்தால் பெண்ணையும் பௌரிப் பெண்ணையும் அந்த 'மென்மையான பெண்' கணக்கில் யாரும் சேர்க்கவே இல்லை.

போ, வா, மறுபடி போ

1929இல் விதிகள் வந்தன. நிலத்தடி வேலையிலிருந்து பெண்களைப் படிப்படியாக விலக்க, முக்கிய நிலக்கரி வயல்களுக்குப் பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது. பிறகு பொருளாதார மந்தம் வந்தது. நிலக்கரி விலை வீழ்ந்தது, ஆள் தேவை குறைந்தது, சுரங்கங்களில் இயந்திரங்களும் நுழைந்தன. முதலாளிகளின் எதிர்ப்பு தணிந்தது. பெண்களின் நிலத்தடி வேலையைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 1935இல் உருவானது. 1939 வரை இருந்த அவகாசம் சுருக்கப்பட்டு, 1937 அக்டோபரில் முழுத்தடை வந்தது.

பாதுகாப்பு என்று சொல்லித்தான் வெளியே அனுப்பினார்கள். ஆனால் வெளியே வந்தவளுக்கு மாற்று வேலை தர வேண்டும் என்று எந்த முதலாளியையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு பேர் உழைத்துச் சாப்பிட்ட குடும்பம் ஒருவர் கூலியில் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஆறே ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரின் நடுவே, நிலக்கரித் தட்டுப்பாடு வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் அதிகக் கூலி கிடைக்கும் ராணுவக் கட்டுமான வேலைகளுக்குப் போய்விட்டார்கள். 1943இல் தடை நீக்கப்பட்டது. பெண்கள் மறுபடி உள்ளே அழைக்கப்பட்டார்கள்.

அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1943 டிசம்பரில் அவரே நிலக்கரி வயலுக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் இது பெரிய விவாதமானது. பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த ரேணுகா ராய் தடை நீக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். போர்க்கால நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடுதான் இது என்று விளக்கிய அம்பேத்கர், இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். உள்ளே இறங்கும் பெண்ணுக்கு ஆணுக்குத் தரும் அதே கூலியைத் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு தொழிலில் ஆண், பெண் பாகுபாடின்றிச் சம வேலைக்குச் சமக் கூலி என்ற கொள்கை ஏற்கப்பட்டிருப்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

சமக் கூலிக்கென நாடு முழுமைக்குமான சட்டம் 1976இல்தான் வந்தது என்பதை நினைத்தால், இதன் அளவு புரியும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவுக்காகப் பேசியவரும் அவர்தான். சுரங்கத் தொழிலாளிப் பெண்களின் மகப்பேறு உதவிச் சட்டமும் அவர் பதவிக் காலத்திலேயே திருத்தப்பட்டது.

அதற்காக 1943 முடிவைக் கேள்வியே கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை. போருக்குக் கரி வேண்டும் என்பதற்காகத்தான் அரசு அந்தப் பெண்களை அழைத்தது. வெளியே கிடைக்கும் நல்ல கூலியை நாடி ஆண்கள் போனபோது, சுரங்கத்தில் எல்லோருக்கும் கூலியை உயர்த்தி அவர்களைத் திரும்ப அழைத்திருக்கலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. அண்ணலிடமிருந்து கற்றவர்கள் அவரைப் பற்றியும் கேள்வி கேட்கலாம்.

போர் முடிந்தது. 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது.

1937இல் 'முடியாது'. 1943இல் 'முடியும்'. 1946இல் மறுபடி 'முடியாது'. இந்த ஒன்பது ஆண்டுகளில் பெண்ணின் உடல் அப்படியேதான் இருந்தது. நிலக்கரியின் தேவை மட்டும் ஏறி இறங்கியது.

கதவு யாருக்குத் திறந்தது?

விடுதலைக்குப் பின் வந்த 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவும் பெண்களை நிலத்தடியிலிருந்து விலக்கியது. 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாயின. நிரந்தர வேலை, நல்ல சம்பளம் என்று ஆனபோது, அது ஆணுக்கான வேலை ஆனது. பெண் தொழிலாளி விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு தன் இடத்தை மகனுக்குக் கொடுக்கும் திட்டங்களும் வந்தன. கூடை சுமந்தவளின் பேத்திகளுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

2019இல் மத்திய அரசு இந்தத் தடையைத் தளர்த்தியது. அதன்படி பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யலாம் என்றானது. எந்த வேலை? தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம். பொறியியல் படித்த பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவதை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். அவர்களை 'முதல் பெண்' என்று கொண்டாடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே கரிக்கூடையோடு இறங்கிய பௌரிப் பெண்ணும் சந்தால் பெண்ணும் எத்தனையாவது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் மறுபடி கூடை சுமந்து இருட்டில் இறங்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. அந்தச் சுரங்கங்களில் கூரை இடிந்தும் வெடித்தும் மக்கள் செத்தார்கள். பெண்ணைக் கொல்லும் சுரங்கம் ஆணையும் கொல்லும். பாதுகாப்பு என்றால் சுரங்கத்தைப் பாதுகாப்பாக்க வேண்டும். வேலையிலிருந்து ஒருத்தியை நீக்குவதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை.

நம் பெண்களிடம் இந்தச் சமூகம் இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் சொல்கிறது. சுமை தூக்கும்போது, 'உங்க சனத்துக்கு இது பழக்கம், உடம்பு தாங்கும்' என்கிறது. கூலி தரும்போது, 'பொம்பளைதானே, ஆம்பளை அளவுக்கு முடியுமா' என்கிறது. முதல் வாக்கியத்தில் சாதி பேசுகிறது, இரண்டாவதில் ஆணாதிக்கம் பேசுகிறது. இரண்டு வாக்கியங்களாலும் லாபம் அடைபவர் கூலி கொடுப்பவர். இரண்டாவது வாக்கியத்தை நம் வீட்டு ஆண்களும் சொல்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் அம்மாக்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் எத்தனை மணிக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், என்ன சுமக்கிறார்கள், என்ன கூலி, பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு என்ன கூலி. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு இயற்கையா என்ற விவாதத்தை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தொடருவோம்.

அந்தத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் அம்மாவிடமிருந்து தொடங்குகிறார்.

ஜெய் பீம்.