கத்தி வருமுன்பே: 'சூப்பர்நேச்சுரல்' தொடரில் பேய் பிடித்தோரைக் கொல்லும் அறம்

'சூப்பர்நேச்சுரல்' (2005–2020) தொடரின் அறச்சரிவுக்குப் பழியெல்லாம் ஒரு கத்தியின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் சீசனின் முதல் அத்தியாயத்தில் (அக்டோபர் 2007) ரூபி என்ற பாத்திரம் கொண்டுவரும் அந்தக் கத்தி, பேயோடு சேர்த்து அது புகுந்த மனிதரையும் கொல்லும். அதுவரை லத்தீன் மந்திரம் ஓதிப் பேயை விரட்டிய சகோதரர்களான சாமும் டீனும் குத்தப் பழகியது அதற்குப் பிறகுதான் என்பது அந்த வாசிப்பு. சுலபமான விளக்கம், காலவரிசைதான் இடம் கொடுக்கவில்லை.

முதல் சீசனின் இறுதி அத்தியாயமான 'டெவில்ஸ் ட்ராப்' (மே 2006) ஒன்றே போதும். தம்பியைக் காப்பாற்ற, பேய் பிடித்த ஒருவனைக் கோல்ட் துப்பாக்கியால் சுடுகிறான் டீன். உள்ளே ஒரு மனிதன் இருந்தான் என்பதும், தான் தயங்கவில்லை என்பதும் பிறகு அவனையே அச்சுறுத்துகின்றன. கத்திக்கு ஒன்றரை ஆண்டு முன்பே கொலையும் உண்டு, உறுத்தலும் உண்டு. மறுபுறம், கத்தி வந்து நான்கு மாதம் கழித்து 'ஜஸ் இன் பெல்லோ' (பிப்ரவரி 2008). காவல் நிலையத்தைச் சூழ்ந்த பேய்களை உள்ளே வரவிட்டு அடைத்து, ஒலிபெருக்கியில் மந்திரத்தை ஒலிக்கவிட்டு, பேய் பிடித்தவர்களை உயிரோடு மீட்கிறார்கள். ஆயுதம்தான் மனத்தை மாற்றியது என்றால் இந்த அத்தியாயத்தை எங்கே வைப்பது?

மாறியது வேறொன்று என்பது என் வாதம்: பேய் பிடித்தவருக்குப் பேச இடம் இருந்ததா என்பது. நான்காம் சீசனில் (2008) பேய் பிடித்துச் செத்த மெக் மாஸ்டர்ஸ் என்ற பெண்ணின் ஆவி திரும்பி வந்து, உள்ளே தான் இருந்ததை மறந்தீர்களே என்று டீனிடம் கணக்குக் கேட்கிறது. அதே சீசனின் முடிவில் (மே 2009) பேய் ரத்தம் குடிப்பதற்காகச் சாம் பிடித்துவைத்த செவிலியின் உடலில் பேய் வேண்டுமென்றே ஒதுங்கிக்கொள்ள, அந்தப் பெண்ணே விழித்துக் கெஞ்சுகிறாள். கேட்டும் கொல்கிறான். கொடுமைதான், ஆனாலும் தொடர் அவள் குரலை நம் காதில் விழவைத்தது.

நான்கு மாதம் கழித்து வந்த 'குட் காட், யால்!' (செப்டம்பர் 2009) அத்தியாயத்தில்தான் நான் அதிகம் தங்கினேன். ரிவர் பாஸ் ஊரார் அண்டைவீட்டாரைப் பேய் பிடித்தவர்களென நம்பிக் கொல்கிறார்கள். சாமும் அந்தக் கத்தியால் இரண்டு பேரைக் குத்துகிறான். உண்மையில் அங்கே பேயே இல்லை. எல்லாம் போர் என்னும் குதிரைவீரன் மோதிரத்தால் காட்டிய மாயை. அதிர்ச்சி எதில் இருக்கிறது என்று பாருங்கள்: செத்தவர்களுக்குப் பேய் பிடித்திருக்கவில்லை என்பதில். பிடித்திருந்தால் பாதகமில்லை என்பது சொல்லப்படாமலே நிலைநாட்டப்படுகிறது. கடைசியில் சாம் வருந்துவதும் தன் ரத்தவேட்கையைப் பற்றித்தான்.

ஒரே அத்தியாயத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம் என்பேன்: கேள்வி மறைந்துபோகும் இடத்துக்குச் சான்று எப்போதும் மெலிந்துதான் இருக்கும். ஆனால் 2009 செப்டம்பரே எல்லைக்கோடு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஐந்தாம் சீசனுக்குள் எங்கோ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எட்டாம் சீசன் முடிவில் (மே 2013) கிரௌலி என்ற பேய்க்குச் சாம் தன் ரத்தத்தை ஏற்றி அதை மனிதனாக்கப் பார்க்கிறான். பேய்க்கே மீட்பு கிடைக்கக்கூடிய அந்தக் காட்சியில், அது குடியிருக்கும் உடல் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.