மனத்துக்கு ஒரு சாட்சி

எண்ணம் போல் வாழ்வு என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் மொழி. நல்லதை எண்ணினால் நல்லது நடக்கும், முடியும் என்று நம்பினால் முடியும் என்று அதற்கு நாம் பொருள் சொல்லுகிறோம். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நானும் பலமுறை அவ்வாறே பேசியிருக்கிறேன். ஆனால், தொழிலில் ஒருவனை உயர்த்துகிற மனநிலை எது என்று வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராயப் புகுந்தால், அந்தப் பொருள் பாதி உண்மைதான் என்று தோன்றுகிறது. மற்றப் பாதியை எனக்குக் கற்பித்தது ஒரு பழுதான கடிகாரம்.

நான் பல ஆண்டுகள் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன். ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, அது ஆடும் நேரத்தை அளந்து, கீழே விழும் பொருளின் வேகம் விநாடிதோறும் எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிடவேண்டும். நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 978 சென்டிமீட்டர். ஒரு நாள் ஒரு மாணவன் 1,018 என்று விடை எழுதிக்கொண்டு வந்தான். "கவனக் குறைவு, மறுபடியும் செய்" என்று திருப்பி அனுப்பினேன். "மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன் ஐயா" என்றான். நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் அவன் சரியாக 978 என்று எழுதி வந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து, அவன் கையாண்ட நிறுத்துக் கடிகாரம் நிமிஷத்துக்கு ஒரு விநாடிக்குமேல் பின்தங்கி ஓடுவதைக் கண்டேன். அந்தக் கடிகாரத்தைக் கொண்டு நேர்மையாக அளந்தால் 1,018-தான் வரும். அவன் சொன்னது சரி. அது மட்டுமன்று, அதே கடிகாரத்தால் அளந்த மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் 978 என்று எப்படி எழுதினார்கள்? அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து எழுதினார்கள். உள்ளதைச் சொன்ன ஒருவனையும் அவர்களோடு சேர்த்துவிட்டவன் நான்.

அந்த மனச்சுமையோடு இருந்த நாட்களில்தான் மைக்கேல் பாரடேயின் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் படித்தேன். மின்சாரத்தை ஆக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் என்று அவரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் தம் மனத்தை எவ்வாறு பழக்கினார் என்பதை அவ்வளவாக அறியோம்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனுக்கு அருகில் பிறந்தார். தந்தை ஒரு கொல்லர். உடல் நலம் குன்றியவர். ஒரு ரொட்டியைப் பையனிடம் கொடுத்து, வாரம் முழுவதும் அதைவைத்துக் காலங்கழிக்கச் சொல்லும்படியான வறுமையும் அந்த வீட்டில் இருந்தது. எழுதப் படிக்கவும் சிறிது கணக்கும் கற்றதோடு படிப்பு நின்றது. 1805-இல், தம் பதினான்காம் வயதில், ரீபோ என்ற புத்தக வியாபாரியிடம் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்க ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையார் எழுதிய ரசாயன நூலும் அவரை ஈர்த்தன. ஆனால், அவருடைய மனத்தை உருவாக்கிய நூல் வேறு. ஐசக் வாட்ஸ் என்ற சமயப் பெரியார் 1741-இல் வெளியிட்ட, மனத்தை மேம்படுத்துவது பற்றிய நூல் அது. படித்ததைக் குறித்து வை. அறிஞர் பேச்சுகளை நேரில் கேள். நண்பர்களோடு கடிதம் எழுதிக் கருத்துகளைப் பரிமாறிக்கொள். ஓரிரு செய்திகளைக் கண்டவுடன் பொதுவிதி கட்டிவிடாதே என்பன போன்ற எளிய அறிவுரைகள் கொண்டது. இப்படிப்பட்ட நூல்களைப் படித்து இரண்டு நாள் உற்சாகப்படுபவர்கள் பலர். பாரடே ஒவ்வோர் அறிவுரையையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு செய்தார். குறிப்பேடு தொடங்கினார். விஞ்ஞானச் சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்றார். நண்பருக்குக் கடிதம் எழுதலானார். தம் இலக்கணப் பிழைகளைத் திருத்தும்படி மற்றொரு நண்பரை வேண்டிக்கொண்டார்.

பிற்காலத்தில் அவர் புகழ்பெற்ற பேச்சாளரானபோது செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வேகமாகப் பேசும் குறை தமக்கு உண்டு என்று அறிந்து, 'மெதுவாக' என்று எழுதிய அட்டையை மேடையில் தம் முன் வைப்பதற்கு ஏற்பாடு செய்திருந்தார். "இனி மெதுவாகப் பேசுவேன்" என்ற தீர்மானத்தை அவர் நம்பவில்லை, அட்டையை நம்பினார். ஒலிபெருக்கியின் முன் அமரும் என்னைப் போன்றவர்களுக்கும் அப்படி ஓர் அட்டை இருந்தால் நேயர்களுக்கு நல்லது!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மனம் ஒன்றே பாரடேயை உயர்த்திவிடவில்லை. சொற்பொழிவுக்கு வேண்டிய ஒரு ஷில்லிங்கைக் கொல்லுத் தொழில் செய்த அண்ணன் கொடுத்தார். படிப்பதற்கும் சிறு சோதனைகள் செய்வதற்கும் முதலாளி இடங்கொடுத்தார். 1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க நுழைவுச் சீட்டுத் தந்தவர் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர். கேட்டவற்றை முந்நூறு பக்கங்களுக்குமேல் எழுதித் தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார் பாரடே. எனினும், அங்கே ஓர் உதவியாளர் சண்டையிட்டு வேலையை இழந்த பின்புதான், 1813 மார்ச்சில், அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. மனம் இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லுகிறவர்கள், வாய்ப்புக் கிட்டாதவர்களை மனமில்லாதவர்கள் என்று பழிப்பதில்தான் முடிவார்கள். வாய்ப்பு வந்தபோது அதற்கு ஏற்றவராக இருந்தார் என்பதே பாரடேயின் பெருமை.

இனி, அவருடைய பெருங்கண்டுபிடிப்புக்கு வருவோம். மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் என்பது 1820-இல் தெரிந்துவிட்டது. அப்படியானால் காந்தம் மின்சாரத்தை உண்டாக்கவேண்டுமே என்று பலர் தேடினர். 1825-இல் ஜெனீவாவில் கொலாடன் என்ற இளைஞர் கம்பிச்சுருள் ஒன்றினுள் காந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் அருகில் இருந்தால் அளவுக் கருவியின் ஊசி அதனாலேயே அசைந்துவிடும் என்று அஞ்சி, கருவியை அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் செலுத்திவிட்டு நடந்துபோய்ப் பார்த்தார். ஊசி அசையாமல் இருந்தது. அவர் அசட்டையானவர் அல்லர்; மிகுந்த கவனமுடையவர். ஆனால், மின்சாரம் உண்டானால் அது நிலைத்து ஓடிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. காந்தம் அசையும் அந்தக் கணத்தில் மட்டுமே ஊசி துள்ளி, அவர் அடுத்த அறைக்குப் போவதற்குள் அடங்கிவிட்டது.

பாரடேயும் 1831-க்கு முன் பலமுறை முயன்று தோற்றவர்தாம். அந்த ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் கம்பியைச் சுற்றி, ஒரு பக்கத்தை மின்கலத்தோடு இணைத்தார். மறுபக்கத்துக் கம்பியின் அருகில் இருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் அசைந்தது. தேடியது நிலையான ஓட்டம். கண்டது ஒரு கணத் துள்ளல். எதிர்பார்த்தது வரவில்லை என்று அதை அவர் தள்ளிவிடவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார். அடுத்த மாதம் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஏதோ நல்லது அகப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் மேலே இழுத்துப் பார்த்தால் அது மீனாக இல்லாமல் வெறும் பாசியாகவும் இருக்கலாம் என்ற கருத்துப்பட எழுதினார். மின்சார நிலையங்களுக்கெல்லாம் மூலமான உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். ஐயம் அவரை முடக்கவில்லை. அக்டோபர் முடிவதற்குள், காந்தத்தைச் சுருளினுள் செலுத்தியும், செம்புத் தட்டைக் காந்தத்தின் இடையே சுழற்றியும் மின்சாரம் பெற்றுவிட்டார்.

தோல்வியை அவர் எப்படி ஏற்றார் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1825 முதல் சில ஆண்டுகள், தொலைநோக்கிகளுக்கு ஏற்ற உயர்ந்த கண்ணாடி செய்யும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உலையோடு போராடியும் எண்ணிய பயன் கிட்டவில்லை. அந்த வேலை கைவிடப்பட்டது. ஆயினும், அப்போது செய்த ஈயம் கலந்த கனத்த கண்ணாடித் துண்டுகளை அவர் எறிந்துவிடவில்லை. 1845 செப்டம்பர் 13-ஆம் நாள், காந்தம் ஒளியைப் பாதிக்குமா என்று ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்துப் பயன் காணாமல், கடைசியில் அந்தப் பழைய கண்ணாடியை வைத்தார். அதன் வழியே சென்ற ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பிற்று. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பது முதன்முதலாக நிலைநாட்டப்பட்டது.

1853-இல் இங்கிலாந்தில் ஒரு பித்து பரவியது. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை அதன்மேல் வைத்திருப்பார்கள். மேசை தானே நகரும். ஆவிகளின் செயல் என்றார்கள் சிலர். மின்சாரம் என்றார்கள் வேறு சிலர். பாரடே அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று இகழவில்லை. நாணயமானவர்களையே தேர்ந்தெடுத்து அமர்த்தி, அவர்களுடைய கைகளுக்கும் மேசைக்கும் நடுவே உருளைகளின்மேல் நகரும் மெல்லிய பலகையை வைத்தார். பலகை சிறிது நகர்ந்தாலும் பெரிதாகக் காட்டும்படி ஒரு காட்டியையும் பொருத்தினார். மேசை நகர்வதற்கு முன்பே கைகள் நகர்வதை அது காட்டிற்று. அவர்கள் அறியாமலேயே அவர்களுடைய விருப்பம் கைகளைத் தள்ளியிருந்தது. இதைவிட வியப்பானது அடுத்து நடந்தது. காட்டி அவர்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டபோது, மேசை நகர்வதே நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு, 1854 மே 6-ஆம் நாள், மனப் பயிற்சியைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். மக்களிடம் குறைவாக இருப்பது தீர்ப்பளிக்கும் ஆற்றல் என்றும், அது குறைவாக இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்றும் கூறினார். நாம் விரும்பும் முடிவுக்குச் சாதகமானவற்றை மனம் ஓடிப்போய் அணைத்துக்கொள்ளும்; மாறானவற்றை ஒதுக்கும்; இந்த விருப்பத்தை எதிர்த்து நிற்கப் பழகுவதே தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் கல்வியில் கடினமான பகுதி என்பது அந்தப் பேச்சின் சாரம். தம் சொந்த வாழ்வில் கற்றதையே அவர் சொன்னார்.

குறிப்பேடு, திருத்தும் நண்பர், 'மெதுவாக' என்ற அட்டை, மேசைமேல் வைத்த காட்டி என்று அவர் கையாண்டவை யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவை. தம் மனத்தைத் தம் மனத்தாலேயே அளக்க முடியாது என்று உணர்ந்து, வெளியே ஒரு சாட்சியை நிறுத்தினார் பாரடே. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஒருவனை வேலையில் இறக்கும். 'நான் தவறியிருக்கலாம், பார்த்துவிடுகிறேன்' என்ற பணிவுதான் அவனை வளர்க்கும்.

நம்பிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே அவர் வகுத்த எல்லை வியக்கத்தக்கது. புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று அவர் உறுதியாக எண்ணினார். கம்பிச்சுருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து சோதித்தார். ஒன்றும் தெரியவில்லை. 1850-இல் அதையும் வெளியிட்டார்: முடிவு இல்லை என்பதே, தொடர்பு உண்டு என்ற என் உணர்வு குறையவில்லை, ஆனால் அத்தகைய தொடர்பு உண்டு என்பதற்கு இந்தச் சோதனைகள் சான்று தரவில்லை என்று. 1862 மார்ச் 12-ஆம் நாள், சுடரின் ஒளிக்கோடுகளைக் காந்தம் மாற்றுமா என்று பார்த்தார். மாற்றம் காணவில்லை, அவ்வாறே எழுதினார். எண்ணிட்டு எழுதிவந்த அவருடைய குறிப்பேடு, 16,041 என்ற எண்ணோடு அந்த ஆண்டில் நின்றது. 1867-இல் அவர் மறைந்தார். அந்தக் கடைசி முயற்சியைப் பற்றி மாக்ஸ்வெல் எழுதியதைப் படித்த சீமன் என்ற டச்சு விஞ்ஞானி, பாரடே முயன்றது மீண்டும் முயலத் தக்கது என்று கருதி, வலிமை மிக்க கருவிகளோடு தேடினார். 1896-இல் மாற்றத்தைக் கண்டார்; 1902-இல் நோபல் பரிசு பெற்றார். நேர்மையாக எழுதிவைத்த ஓர் 'இல்லை', முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 'உண்டு' என்று பலித்தது.

இதைப் படித்து முடித்தபோது, 1,018 என்று எழுதிய மாணவன் என் நினைவில் நின்றான். அவன் அதற்குள் பள்ளியைவிட்டுப் போய்விட்டான். அவனிடம் சொல்லவேண்டிய சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே வேறொன்று செய்தேன். முதலில் எடுத்த அளவை மையால் எழுதவேண்டும், அழிக்கக் கூடாது, விடை எதுவானாலும் மதிப்பெண் குறையாது என்று வகுப்பில் அறிவித்தேன். அந்தக் கடிகாரத்தைப் பழுதுபார்க்க அனுப்பவில்லை. ஆண்டுதோறும் ஒருவரிடமும் சொல்லாமல் மற்றக் கடிகாரங்களோடு அதையும் கலந்து வைத்தேன்.

முதல் ஆண்டு, அது கிடைத்த பிள்ளைகள் அனைவரும் 978 என்றே எழுதினார்கள். இரண்டாம் ஆண்டும் அப்படியே. பிள்ளைகளின் மனம் மாறுவதற்கு முன் ஆசிரியர் மாறிவிட்டார் என்று அவர்கள் நம்பவேண்டுமல்லவா? மூன்றாம் ஆண்டில் ஒரு பையன், ஏட்டை நீட்டத் தயங்கியபடி என் மேசையருகே வந்து நின்றான். வாங்கிப் பார்த்தேன். 1,018 என்று எழுதி, அதன் கீழே, கடிகாரத்தைச் சோதிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தான்.