குழந்தைகளோட ராமேஸ்வரம் போறீங்களா? எந்தக் கடலில் இறங்கலாம், எங்கே கூடாது?

ராமேஸ்வரம் போய் இறங்கியதுமே குழந்தைகள் கேட்பது கடலைத்தான். ஆனால் இந்தத் தீவில் எல்லா இடத்திலும் கடல் ஒரே மாதிரி இருக்காது.

கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தத்தில் அலை குறைவு. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் இறங்கலாம். அமாவாசை நாளில்தான் சிக்கல். கூட்டத்தில் பிள்ளை கையை விட்டுப் போக ஒரு நொடி போதும். செல்போன் எண்ணைச் சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். காணோம் என்றால் நீங்களே தேடி நேரத்தைக் கடத்தாமல், 24 மணி நேர இலவச எண்ணான 1098-க்கு உடனே போன் போடுங்க.

தனுஷ்கோடி அரிச்சல்முனை அப்படியே நேர்மாறு. மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சேரும் இடம். நீரோட்டம் இழுக்கும், காலடி மணல் சரியும். 'முட்டி அளவுதானே' என்று விடவே கூடாது. கரையில் நின்று பார்ப்பதோடு சரி. போகிற வழியில், 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச்சைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லலாம். நிழல் கிடையாது. தண்ணீர், தொப்பி கட்டாயம். இருட்டுவதற்குள் திரும்பிடணும்.

வெயில் ஏறிய நேரத்துக்கு பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. 2017-ல் திறக்கப்பட்டது. ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைப் பார்த்த பிள்ளைகளை வெளியே கிளப்புவதுதான் கஷ்டம்!

கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, ஆம்புலன்ஸுக்கு 108.