மாம்பலம் நிலையமும் தியாகராய நகரும்

தியாகராய நகர், சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே 1920களில் ஏரி நிலத்தைத் தூர்த்து உருவான குடியிருப்பு. வழக்கில் தி.நகர். வீடு, கடை, பள்ளி, பூங்கா எல்லாம் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று இன்றைய நகரமைப்பாளர்கள் கேட்கும் ஊருக்கு இது நூறாண்டு மூத்த எடுத்துக்காட்டு. ஆனால் அதில் பாதியைத்தான் வரைபடம் தந்தது. மீதியை மின்சார ரயிலும் தெற்கத்தி வணிகர்களும் தந்தார்கள்.

முன்பு இங்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி இருந்தது. ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரம் நெருக்கடியில் திணறியது. 1914-15இல் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ் சென்னை மாகாணத்தைச் சுற்றிப் பார்த்தார். அடுத்து வந்த ஆங்கிலக் கட்டடக் கலைஞர் லான்செஸ்டர் சென்னையின் நகரமைப்பைப் பற்றி 1918இல் ஒரு நூலே எழுதினார். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் கடைசியில், பிராமணரல்லாதார் கட்சியான நீதிக் கட்சி மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது. 1923க்கும் 1925க்கும் இடையில் ஏரியின் மாம்பலம் பகுதி மனைகளாயிற்று. நீரை இழந்த கணக்கை அப்போது யாரும் பெரிதாகப் போடவில்லை. மழைக்காலம் வந்தால் இன்றும் சில தெருக்கள் அந்தக் கணக்கைக் காட்டும்.

அமைப்பில் இங்கிலாந்தின் தோட்ட நகரக் கருத்தின் சாயல் தெரிகிறது. நடுவில் பூங்கா, அதைச் சுற்றி விரியும் அகலச் சாலைகள், தோட்டத்தோடு தனி வீடுகள். ஊருக்கு, 1925இல் மறைந்த நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர்; பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர். உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா என்று நீதிக் கட்சியின் உறுப்பினர் பட்டியலைத் தெருப் பலகைகளிலேயே படித்துவிடலாம். பாண்டி பஜாரின் பாண்டியும் அக்கட்சியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன்தான் என்பது பரவலான விளக்கம்.

1931 மே மாதம் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோட்டைப் பக்கத்து அலுவலகங்களுக்குப் போகும் குமாஸ்தா மாம்பலத்தில் குடியிருக்கலாம் என்ற நிலை அதனால் வந்தது. தண்டவாளத்துக்குக் கிழக்கே அகன்ற மனைகளில் வக்கீல்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். பிறகு திரைக்கலைஞர்கள் வந்தார்கள். காமராசர் கடைசிவரை வாழ்ந்தது திருமலைப் பிள்ளை சாலை வீட்டில். மேற்கு மாம்பலம் யாரும் அளந்து போடாமலே வளர்ந்தது. குறுகிய தெரு, ஒட்டுக்குடித்தனம், மெஸ், காய்கறிச் சந்தை, அயோத்தியா மண்டபம் என்று, திட்டமிட்ட கிழக்கைவிட அன்றாட வாழ்வுக்கு வசதியான கலப்பு அங்கேதான் அமைந்தது.

கிழக்கில் கடைகள் மெல்ல வந்தன. நல்லி சின்னசாமி செட்டியின் பட்டுக்கடை 1928இல் தொடங்கியது. ரயிலிறங்கி உஸ்மான் சாலைக்குப் போகிறவர் வழக்கமாகக் கடக்கும் ரங்கநாதன் தெரு ஒருகாலத்தில் வீடுகள் நிறைந்த தெரு. அதை அங்காடியாக்கியவர்களில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. சரவணா ஸ்டோர்ஸைத் தொடங்கிய சகோதரர்கள் திருச்செந்தூர் வட்டாரத்துப் பணிக்கநாடார் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். தாமிரபரணிக் கரைக் கடைவீதிகளில் கீழே கடை, பின்கட்டிலோ மாடியிலோ வீடு என்பது பழைய வழக்கம். அந்தத் தெற்கத்தியார் கடையைச் சென்னைக்காரர் அண்ணாச்சி கடை என்று சொல்வதற்குள் அந்த வழக்கமும் அடங்கியிருக்கிறது.

அந்த ஆற்றங்கரைக்கும் ரயில் இதே காலத்தில்தான் வந்தது. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை 1923இல் திறக்கப்பட்டது. பாதை தென்கரையோடு போயிற்று. வடகரையில் இருக்கும் ஏரல், சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கடைவீதியாக இருந்தும், நிலையமில்லாமல் நின்றது. ஏரல்காரருக்கு ரயில் என்றால் ஆற்றைக் கடந்து குரும்பூருக்கோ நாசரேத்துக்கோ போக வேண்டும். நிலையம் இல்லாமலும் கடைவீதி தழைக்கும் என்பதற்கு ஏரலே சாட்சி. ஆனால் பெருநகரத்தில் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு ரயில் வேண்டும்.

வீடும் கடையும் கலந்த அந்தக் கலப்பு எல்லை மீறியதும் தி.நகரில்தான். கடைகள் மாடி மாடியாக உயர்ந்தன, வீடுகள் கிடங்குகளாயின. வேலைக்கு வந்த தென்மாவட்டத்து இளைஞர்கள் கடை முதலாளி தரும் கூட்டு விடுதியில் படுத்தெழுந்தார்கள். வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' (2010) அவர்கள் கதை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தூரமே இல்லாமல் போவது எல்லோருக்கும் நல்லதல்ல என்பதை எந்த அறிக்கையையும்விட அந்தப் படம் தெளிவாகச் சொல்கிறது. 2008இல் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் இறந்தனர். 2011 அக்டோபரில் விதிமீறிய கட்டடங்களுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். சில மாதங்களில் நீதிமன்ற உத்தரவால் கடைகள் திறந்தன. 2017இல் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளி மாளிகை தீயில் எரிந்து, பின் இடிக்கப்பட்டது.

சமீப ஆண்டுகளின் வேலைகள் நடப்பவரை முன்னிறுத்துபவை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம், மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் வந்தது. நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் பேருந்தைப் பிடிக்கலாம் என்பது அதன் பயன். ஆனால் அந்தத் தெருவுக்கென்றே வருகிறவர்கள் அதில் ஏறுவதில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடத்துக்குப் பனகல் பூங்காவில் சுரங்க நிலையம் உண்டு. 1920களின் வரைபடம் பூங்காவை நடுவாக வைத்தது; கூட்டம் மாம்பலம் நிலைய வாசலை நடுவாக்கிக்கொண்டது. மெட்ரோ வந்தபின் ஊருக்கு இரண்டு வாசல்கள் இருக்கும். பூங்காவைச் சுற்றி எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் மனை விலை என்னவாகும் என்பதை அங்கே குடியிருப்பவர்கள் இப்போதே பேசத் தொடங்கியிருப்பார்கள்.